என் தலையைத் துரத்திய மைக்

வாயால் பேசக் கூச்சப்படுகிறவனுக்குத் தலைதான் வாய். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குப் படித்தவர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யார் எதைக் கேட்டாலும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிடுவேன். ஆமாம், இல்லை, சாப்பிட்டாயிற்று, எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டம்தான். (என் மனைவிக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். அவளுக்கும் பத்து வருஷம் பிடித்தது.)

தம்போய் ஊரில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் படித்த என் மகள் கவிதா கடைசி வருஷப் பரீட்சைக்காக ஓர் ஓட்டுநர் நாற்காலி செய்தாள். இஞ்சின் இரைச்சல் காதுக்கு வரும்போது, நாற்காலியின் ஸ்பீக்கர்கள் எதிர்ச்சத்தம் எழுப்பி அதை அடக்கிவிடும். காதுக்குள் மைக் வைக்க முடியாதே! அதனால் மைக்குகள் ஒரு முழம் தள்ளி நின்று, காதில் என்ன கேட்கும் என்று கணக்குப் போடும். தலை நகர்ந்தால், ஒரு மைக் சின்னத் தண்டவாளத்தில் கூடவே நகரும்.

பரீட்சையன்று நிஜ ஓட்டுநர் ஒருவர் அதில் உட்கார வேண்டும். சொதப்பினால் கவிதா இன்னும் அரை வருஷம் படிக்க வேண்டும்.

"நீங்க பேசவே வேணாம்ப்பா. சும்மா உட்காந்தா போதும் லா," என்றாள்.

எனக்கென்றே செய்த வேலை! வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

பதிவு செய்து வைத்திருந்த பஸ் இரைச்சலை ஓடவிட்டார்கள். கவிதா சுவிட்சைத் தட்டினாள். பத்தொன்பது வருஷமாக என் காதில் குடியிருந்த இஞ்சின், சட்டென்று பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறிப் போய்விட்டது.

கண்ணாடி போட்ட விரிவுரையாளர் அம்மா குனிந்து, "அங்கிள், ஓகே கா?" என்று மலாய் கலந்து கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

மைக் இடப்பக்கம் ஓடியது. அதற்குள் தலை வலப்பக்கம் போயிருந்தது. ஸ்பீக்கர் 'கூய்ய்ய்' என்று ஊளையிட்டது. அந்த அம்மா பதறிப்போய், "ஓகே கா?" என்று மறுபடி கேட்டார். மரியாதைக்காக இன்னும் வேகமாக ஆட்டினேன். என் தலையைத் துரத்திய மைக் தண்டவாளத்தை விட்டுப் பறந்து, அவருடைய கைப்பைக்குள் விழுந்தது.

"அலமாக்! அப்பா, தலைய ஆட்டாதீங்க!" என்று கத்தினாள் கவிதா.

சரி என்று சொல்லத் தலையை ஆட்டினேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, "நாற்காலிமேல தப்பில்ல டீச்சர். தப்பு என் தலையில," என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். படித்தவர்கள் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கவிதாவும் சுதாரித்துக்கொண்டாள். "பஸ்ஸோட பக்கக் கண்ணாடி பார்க்கத் திரும்புற வேகத்துக்குத்தான் செஞ்சேன் மேடம். எங்கப்பா தலை வேகத்துக்கு இன்னும் யாரும் மெஷின் கண்டுபிடிக்கல."

அந்த அம்மா சிரித்துவிட்டார். மைக்கை மாட்டி மறுபடி ஓட்டினார்கள். முடிகிறவரை நான் தாடையை விடவில்லை. கவிதா பாஸ்.

பிறகு லாயாங் லாயாங் ஊரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். "உங்களுக்குச் சம்மதமாங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சம்மதங்க," என்றேன். உள்ளேயிருந்து கவிதா, "கூய்ய்ய்," என்றாள்.

அந்த அம்மாள் எனக்குப் பல்வலி என்று நினைத்துவிட்டார். பேரன் பிறந்துவிட்டான்; இன்னமும் தீபாவளிக்குத் தீபாவளி சம்பந்தி வீட்டு முறுக்கோடு ஒரு புட்டி கிராம்புத் தைலமும் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டி வாங்கிக்கொள்கிறேன்.