என் தாடையே இல்ல, டாக்டர்

பல் மருத்துவரின் நாற்காலி பின்னால் சாயச் சாய, அதில் படுத்திருப்பவர் உத்தமராகிக்கொண்டே போவார். இப்படி ஓர் இனம் நம் ஊர்களில் தாராளமாக உண்டு. வெற்றிலையா? கல்யாண வீட்டில் யாராவது கையில் திணித்தால் மட்டும். டீயா? காலையில் ஒன்று. இரவில் பல் துலக்குவதுண்டா? பிறந்ததிலிருந்து. இவர்களுக்குச் சிலை வைக்காமல் நாடு என்னதான் செய்துகொண்டிருக்கிறது?

இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி, செம்மங்குப்பத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுநர் கார்த்திகேசன். கீழுதட்டின் இடது ஓரத்தில் அவர் பொட்டலப் புகையிலை ஒதுக்கத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது; விட்டு மூன்று வருடம் ஆகிறது என்பது அவர் சொல்வது. அக்கா இளமதி நம்பவில்லை. வெள்ளிக்கிழமை அவள் மகளுக்குச் சிதம்பரத்தில் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கார்த்திகேசன் தோடுகூட வாங்கிவைத்துவிட்டார், தினம் இரண்டு முறை டப்பியைத் திறந்து பார்க்கிறார்.

"அந்த நாத்தம் புடிச்ச வாயோட எம் பொண்ணத் தொடக் கூடாது. விட்டாச்சுன்னு டாக்டரு சொல்லட்டும், மடியில வெக்கிறேன். இல்லன்னா நம்ம பெரியப்பா மவன் எழிலன் இருக்கான். அவனும் எனக்குத் தம்பிதான்" என்று அவரைச் செம்மண்டலத்துப் பல் கிளினிக்குக்கு இழுத்து வந்தாள்.

இந்த இனத்தார் சும்மா வருவதில்லை, தயாராகி வருவார்கள். கார்த்திகேசன் நான்கு நாளாகக் கரித்தூளும் உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து, வேன் டயர் கழுவுகிற ஆவேசத்தோடு முன்பற்கள் ஆறையும் தேய்த்துத் தள்ளியிருந்தார். ஆறுதான். சிரித்தால் தெரிவது அவ்வளவுதானே? மருத்துவர் ரூமானா உள்ளே பார்த்தார். தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டார். தோலும் மீசையும் கழற்றப்பட்ட கார்த்திகேசன், முப்பத்தோரு பல்லும் தெரிய அங்கே இளித்துக்கொண்டிருந்தார்.

"புகையில போடுவீங்களா, சார்?"

"விட்டு மூணு வருஷமாச்சு, டாக்டர்."

"கீழ எடது பக்கம் மட்டும் எலும்பு கரைஞ்சு எறங்கியிருக்கு. ஈறும் அங்கதான் வெலகியிருக்கு. ஒரே எடத்துல எதையோ அடக்கி வெச்சிருக்கீங்க."

"மிட்டாய் ஒதுக்குவேன்."

"அந்த மிட்டாய்க்குப் பின்பல்லெல்லாம் கறுப்பாவுமா?"

மிட்டாய் எடுபடாதபோது இந்த இனத்தார் கடைசி ஆயுதத்தை எடுப்பார்கள். சாட்சியை மறுப்பவர் உண்டு, கையெழுத்தை மறுப்பவர் உண்டு. கார்த்திகேசன் தன் மண்டையோட்டையே மறுத்தார்.

"இது என் தாடையே இல்ல, டாக்டர். படம் மாறிப்போச்சு. இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி பாருங்க."

இளமதி எழுந்து போய், திரையில் மூலை உடைந்த ஒரு மேற்பல்லின்மீது விரலை வைத்தாள்.

"வெள்ளாத்துப் பாலத்துல உன்னை நான் சைக்கிள்லேர்ந்து தள்ளி ஒடைச்ச பல்லுடா இது. மாடு முட்டிடுச்சின்னு அம்மாகிட்டச் சொல்லி நான் தப்பிச்சேன். பல்லு இன்னும் மறக்கல பாரு."

ரூமானா சிறு கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டு, நாக்கை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா எங்க இருந்தப்பப் புகையில போட்டீங்க?"

இந்த இனத்தார் உண்மை பேசுவது இந்த ஒரு நிலையில்தான். கார்த்திகேசன் மெல்லக் கையைத் தூக்கி, கிளினிக் வாசலைக் காட்டினார்.

"நீ வாங்கி வெச்ச தோட்டை எழிலன்கிட்டக் குடுத்துடு" என்றாள் இளமதி. அவர் ஏதோ சொல்ல முயன்றார். கண்ணாடி விடவில்லை.

நல்லவேளை, நீங்கள் அந்த இனமில்லை. உங்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அப்படியானால், இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் நாக்கு பற்களின் உட்புறம் ஒரு சுற்று போய்வந்ததே, அது எதைத் தேடிப் போயிற்று?