அப்ஜெக்சன் அண்ணாச்சி

சூரியன் உதிப்பதற்கே ஆட்சேபணை சொல்லக்கூடிய மனிதர் அருப்புக்கோட்டையில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் அப்ஜெக்சன் அண்ணாச்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில், சர்க்கார் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலிக் குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாது.

என் கல்யாணத்தில் பாதிரியார் வழக்கப்படி, "இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டா?" என்று கேட்டதும் ஆபீஸ் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. எழுந்தேவிட்டார்! என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு இல்லைங்க. சன்னலை எல்லாம் சாத்தி வச்சிருக்காக. மூச்சு முட்டுது. அதுக்குத்தான் அப்ஜெக்சன்."

சன்னலைத் திறந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

எம்.ரெட்டியபட்டிப் பருத்திக் காட்டில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. சர்க்கார் வேலைகளை வகுப்புவாரியாகப் பங்கிடும் உத்தரவில், கிறிஸ்தவர்களுக்கென்று இருந்த இடத்தில் நான் வேலைக்கு வந்தவன். அதே வேலைக்கு மனுப்போட்ட அண்ணாச்சியின் மைத்துனருக்குக் கிடைக்கவில்லை. போதாதா? தினமும் ஆபீசுக்கு வந்து குடையை ஆணியில் மாட்டியதும், "தம்பி, உங்க மேல கோவமில்ல. அந்த உத்தரவை மட்டும் எடுத்துறணும்" என்பார். பிறகு என் பேனாவுக்கும் சேர்த்து மை ஊற்றி வைப்பார்.

சுதந்திரம் வந்ததும், அந்த உத்தரவு இருக்கணுமா, போகணுமா என்று ஊரெல்லாம் ஒரே வாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். உத்தரவை ஒழிக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றிச் சென்னைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பேச்சாளர் மதுரை வக்கீல். அண்ணாச்சி முன்வரிசையில், கைதட்டத் தயாராக இருந்தார். நான் கடைசி வரிசையில், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இப்படிப் பங்கில் வந்த குமாஸ்தாக்களுக்கு இங்கிலீஷில் ஒரு வரி தப்பில்லாமல் எழுத வருமா?" என்று முழங்கினார் வக்கீல்.

"அப்ஜெக்சன்!"

அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுத் தம்பி அப்படி வந்தவருதான். 'ரிசீவ்டு'ங்கிறதைத் தப்பாத்தான் எழுதுறாரு. எல்லாம் என்னையப் பாத்து எழுதுனது! நான் இத்தனை வருசமா அப்படித்தான் எழுதுறேன். என் தப்புக்கு எவனும் என் சாதியைக் கேக்கலையே? அவரு தப்புக்கு மட்டும் ஏன்யா கேக்கீக?"

வக்கீல் கேட்டார்: "நீங்க எந்தப் பக்கம்?"

"ஒழிக்கணும்னு கைதட்டத்தான் வந்தேன். நீங்க பேசப் பேச மனசு மாறிப்போச்சு!"

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தபோது பாதிக் கூட்டம் சிரித்தபடியே வீட்டுக்குக் கிளம்பியிருந்தது. மீதிப் பேரும் கை தூக்கவில்லை.

அண்ணாச்சி என்னோடு நடந்தார். தன் தெரு வந்த பிறகும் திரும்பாமல் என் வீட்டு வாசல்வரை வந்தார். அதுவரை அவர் சாதிக்காரர் யாரும் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

"தாயி, கத்திக் கத்தித் தொண்டை காஞ்சுபோச்சு. தண்ணி குடு" என்றார் என் மனைவியிடம்.

ஒரே மூச்சில் குடித்தார். "என்ன, தண்ணி இம்புட்டு உப்பா இருக்கு?" என்று முகத்தைச் சுளித்தார்.

பிறகு, காலிச் செம்பை மறுபடியும் அவளிடம் நீட்டினார்.