நாலாம் நம்பர் வீட்டுக்கு ஒரே நம்பர்

இது சுங்காய் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்ன கதை. நான் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டபடி எழுதுகிறேன்.

1987. சுங்காய்க்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி உடையப்பன் பொறுப்பில் புது டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. திரையில் வரிவரியாகக் கட்டளை தட்டினால், எந்த வீட்டுப் போன் எங்கே பேசலாம் என்று அது காவல் காக்கும். தோட்ட மேனேஜர் துரையின் உத்தரவு: வீட்டுக்கு ஒரே வெளிநம்பர். மற்றதெல்லாம் அடைப்பு.

நாலாம் நம்பரான தன் வீட்டுக்கு உடையப்பன் போட்டது சீட்டாட்டக் கூட்டாளி சன்னாசியின் நம்பர். மனைவி நவமணி தெலுக் இந்தானில் இருக்கும் அக்காவோடு தினமும் கதை அளப்பதற்கு இன்றோடு முடிவு என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

ஆனால் தினம் மதியம் இரண்டு மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். மூன்றுக்கு மறுபடி ஓடும்போது திரை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். நவமணி சாவகாசமாக அக்காவைக் கூப்பிடுவாள். மூன்று நாள் தட்டினார். மூன்று நாளும் போச்சு.

நான்காம் நாள் துரை வந்து நின்றார்.

"மூணு மணிக்கு நானே ஒவ்வொரு போனா எடுத்துப் பார்ப்பேன். ஒண்ணு தப்பிச்சாலும் நாளைக்கு நீ செம்பனைக் குலை வெட்டப் போலாம்."

மணி ஒன்று ஐம்பது. முப்பது வீட்டுக்கும் முப்பது வரி தட்டியாயிற்று. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"நவமணி, அந்த மெஷின் புத்தகம்..."

"ஆயுதபூசைக்கு மஞ்சக்கயிறு கட்டி சாமிகிட்ட வச்சீங்களே, அதுவா? அவுத்தா தெய்வக் குத்தம்னீங்க."

"பரவால்ல, அவுத்துடு!"

"நான் போன மாசமே அவுத்துப் படிச்சிட்டேன். கரண்டு போறதுக்கு முந்தி ஒரு வார்த்தை தட்டணுமாம். இல்லாட்டி எல்லாம் அழிஞ்சிடுமாம்."

"அடிப்பாவி! மூணு நாளா தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க கேக்கவே இல்லலா."

"என்ன வார்த்தை? செப்பாட், சீக்கிரம் சொல்லு!"

"நம்ம வீட்டுக்கு யார் நம்பர் போட்டீங்க?"

ஒன்று ஐம்பத்தாறு.

"அது... ஆபத்து அவசரத்துக்கு ஒரு நம்பர்."

"சன்னாசி அண்ணன் எப்பலேருந்து டாக்டரு?"

வெளியே ஜெனரேட்டர் இருமியது. உடையப்பனுக்கு உயிரே இருமியது.

"மாத்திட்டேன் தாயே! உங்க அக்கா நம்பரே போட்டுட்டேன்!"

"வாசிங்க, கேப்போம்."

ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். ஒன்று ஐம்பத்தொன்பது. நவமணி நாலே இங்கிலீஷ் எழுத்துச் சொன்னாள். தட்டினார். விளக்கு அணைந்தது.

மூன்று மணிக்குத் துரை வீடு வீடாகப் போய்ப் போனை எடுத்தார். கண்ட நம்பரையும் சுழற்றினார். ஒன்றும் போகவில்லை. "பாகூஸ்! நல்ல வேலை!" என்று கிராணியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். வேலை பிழைத்தது.

பஸ்ஸில் சொன்னவர் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடம் வேறு காரியமாக அந்த ஆபீசுக்குப் போனபோது சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. நாலாம் நம்பர் வீட்டுக்கு நேரே தெலுக் இந்தான் நம்பர். அதற்கும் கீழே பேனாவில் ஒரு வரி: "மாற்றம் வேண்டுவோர் திருமதி நவமணியைக் கேட்கவும். இப்படிக்கு, கிராணி உடையப்பன்."