குறட்டை விட்ட வாத்தியாரும் முதுகு காட்டிய பிள்ளைகளும்

ஒரு காட்டில் ஆற்றுக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழகமும் கிழக்கே ஒரு வீட்டுப்பள்ளியும் இருந்தன. இரண்டு இடத்திலும் வாத்தியார் வேலை பார்த்த ஒரே பிராணி, விழியனார் என்ற ஆந்தை.

மேற்கே நடந்தது பழைய ஐரோப்பிய முறை. மாணவர்களே சங்கம் வைத்து வாத்தியாரை அமர்த்துவார்கள். அவர் தாமதமாக வந்தால் அபராதமும் போடுவார்கள். வகுப்பு காலை எட்டு மணிக்கு. ஆந்தைக்கு அது தூங்கப் போகும் நேரம்.

சங்கத் தலைவர் நரி வேலைநீக்கப் படிவத்தோடு வந்தது.

"ஐயா, இந்த வாரம் நாலு தரம் லேட். ஒரு தரம் பாதி வாக்கியத்தில் தூங்கிட்டீங்க."

"யோசிச்சிட்டு இருந்தேன்பா."

"குறட்டை விட்டு யோசிச்சீங்க. வீடியோ இருக்கு. மூணு பிரதியிலும் கையெழுத்துப் போட்டுட்டு, வாத்தியார் அங்கியைக் கழற்றி வச்சிட்டுக் கிளம்புங்க."

விழியனார் ஆற்றைக் கடந்தார். கிழக்கே பழைய சீன முறை. ஒரு வீடு, ஒரு வாத்தியார், பத்துப் பிள்ளைகள். சங்கமும் இல்லை, படிவமும் இல்லை. வீட்டுக்காரர் எருமை மாசானம் தன் தோட்டத்து மரப்பொந்தைக் காட்டினார்.

"இது வேலையோட சேர்ந்தது. வேலை போனா பொந்தும் போச்சு."

காட்டில் வேறு பொந்து எதுவும் காலியில்லை.

ஒப்பிக்கும் பிள்ளை வாத்தியார் முன்னால் விரித்திருக்கும் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிடக் கூடாதல்லவா, அதனால் வாத்தியாருக்கு முதுகைக் காட்டி நிற்கும். மற்றவை சுவரைப் பார்த்து மனப்பாடம் செய்யும். தப்பு வந்தால் வாத்தியார் தொண்டையைச் செருமுவார். உடனே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் நாள் மாசானத்தின் கன்று சடையன் ஒப்பித்தது. இரண்டாம் வரியில் விழியனார் தூங்கிவிட்டார். நாலாம் வரியில் குறட்டை வந்தது. அதைச் செருமல் என்று நினைத்துச் சடையன் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி குறட்டை. மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் மாதம் மாசானம் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் வந்தார். வாத்தியார் கண்ணை மூடி, அலகைத் திறந்து, ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். மாசானம் கொம்பைத் தாழ்த்தினார். பொந்து போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் சடையன் குரல் காதில் விழுந்தது. தன் பெயரையே யோசித்துச் சொல்லும் பிள்ளை, முந்நூறு வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த மனைவி கேட்டாள். "என்னங்க, வாத்தியார் தூங்குறாரா?"

"மெதுவாப் பேசுடி. முழிச்சிட்டார்னா பையன் நிறுத்திடுவான்."

அன்று மாலையே வாத்தியாருக்கு இலவம்பஞ்சுத் தலையணை வந்தது.

சிங்கராஜா வைத்த மனப்பாடத் தேர்வில் பத்துப் பிள்ளைகளும் தேறின. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஆராய மேற்கிலிருந்து ஒரு குழு வந்தது. தலைமை, அதே நரி.

"ஐயா, உங்கள் வெற்றிக்குக் காரணம் என்னன்னு சொல்ல முடியுமா?"

விழியனார் குறட்டை விட்டார்.

சுவரைப் பார்த்தபடியே சடையன் மெதுவாகச் சொன்னது: "அண்ணே, கேள்வியில ஏதோ தப்பு. திரும்பி நின்னு முதல்லேருந்து கேளுங்க."

நரி திரும்பி நின்றது.

நீதி: வாத்தியார் தூங்குவது குற்றமல்ல, மாணவர்கள் அவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் குற்றம்.