ஊசலார் அளந்த இணையதளம்

ஊசலார் வந்துவிட்டார் என்றதும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் லிப்டுக்கு வரிசை வாசல்வரை நீண்டது. கடைத் தளம் நடத்துகிறவர்கள், டிக்கெட் தளம் நடத்துகிறவர்கள், எல்லாரும் மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். நூலில் கட்டிய செம்புக் குண்டை அவர் திரைக்கு முன்னால் தொங்கவிடுவார். அது எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அத்தனை லட்சம் பேரை அந்தத் தளம் ஒரே நேரத்தில் தாங்குமாம். சுற்றாவிட்டால் திருஷ்டி. திருஷ்டிக்குத் தகடும் அவர் பையிலேயே இருந்தது. நோயும் மருந்தும் ஒரே பையில் வருவது எவ்வளவு வசதி!

மூன்றாம் மாடியில் தேர்வு முடிவு வெளியிடும் தளத்தின் முதலாளி சூடுபட்ட பூனை. போன வருடம் முடிவு வந்த பத்தாவது நிமிடம் தளம் படுத்துவிட்டது. பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள். இந்த வருட முடிவு வியாழக்கிழமை.

தளத்தைச் சோதிப்பவள் அவருடைய அக்கா மகள். ஆயிரக்கணக்கான போலிப் பார்வையாளர்களைக் கணினியிலேயே உண்டாக்கி, தளத்தின்மேல் ஏவி, எத்தனையாவது ஆளில் அதற்கு மூச்சு வாங்குகிறது என்று குறிப்பாள். ஒரு சர்வர் நாற்பதாயிரம் பேரைத் தாங்கியது. மூன்று சர்வர் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாங்க வேண்டுமே? எழுபதாயிரத்திலேயே திணறியது. மூன்றும் ஒரே தகவல் கிடங்கின் குறுகிய வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அந்த வாசலை அகலமாக்க இரண்டு நாள் கேட்டாள். தகடு போதும் என்று ஒன்றை வாங்கிச் சர்வர்மேல் ஒட்டிவிட்டார் மாமா.

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. மேசைமேல் ஒரே மாதிரிப் பக்கம் தெரியும் இரண்டு திரைகளை வைத்து, எது அதிகம் தாங்கும் என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி ஊசலாரைப் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். அறை கொள்ளாத கூட்டம். இடது திரைக்கு முன்னால் குண்டு மரம்போல் நின்றது. கூட்டம் உச்சுக் கொட்டியது. வலது திரைக்கு முன்னால் பம்பரமாய்ச் சுற்றியது.

"பன்னெண்டு லட்சம். இது என் தகடு வச்ச தளம், பார்த்தாலே தெரியுது" என்றார் ஊசலார்.

அவள் மாமாவின் கையில் மவுஸைக் கொடுத்து, வலது திரையில் 'முடிவைக் காண்க' என்பதை அழுத்தச் சொன்னாள். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை.

"இடது பக்கம் நம்ம தளம், மாமா. வலது பக்கம் அதோட போட்டோ. இதுக்குள்ள ஒரு ஆள்கூட நுழைய முடியாது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். சிரிப்பு பற்றிக்கொண்டது; படிக்கட்டில் நின்றவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். படத்துக்கும் சக்தி உண்டு என்று ஊசலார் ஆரம்பித்தார். அப்படியானால் இரண்டு திரையையும் துணியால் மூடி இடம் மாற்றி வைக்கிறேன், படம் எது என்று குண்டையே கேளுங்கள் என்றாள் அவள். அவருக்குத் திடீரென்று வேறு ஊரில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

மாமா தலையைச் சொறிந்தார். "ரெண்டு நாள் போதுமாம்மா?"

போதுமாக இருந்தது. வியாழக்கிழமை காலை முழுக்க மூன்று லட்சம் பேர் வந்து போனார்கள். தளம் இருமியது, தும்மியது; விழவில்லை.

மறுநாள் நாலாம் மாடிக் கடைக்காரர் இறங்கி வந்து, பன்னிரண்டு லட்சம் பேரைத் தாங்கும் அந்தப் படத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்று அவளிடம் ரகசியமாக விசாரித்தார்.

தாங்குமா என்று தெரிய வேண்டுமானால் பாரத்தை ஏற்றிப் பாருங்கள், ஐயா. இணையதளத்தின்மேல் மட்டுமல்ல, எவன் சொல்லும் எதன்மேலும்.