ஊஞ்சலுக்குக் கர்சீப் போட்டவர்

பெற்றோரில் பல ரகம் உண்டு. அடிக்கிற ரகம், கொஞ்சுகிற ரகம், அங்கன்வாடி வாசலில் விட்டுவிட்டுப் பிள்ளையைவிடச் சத்தமாக அழுகிற ரகம். அவர்களை விடுங்கள். நான் காட்டப்போகிற ரகத்துக்கு 'டிப்ஸ் அப்பா' என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம், கூட என்னென்ன எடுத்துப்போகவேண்டும், மண்ணைத் தின்றால் என்ன செய்வது, மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டால் யாரிடம் ஓடுவது என்று ஊருக்கெல்லாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய பிள்ளையின் செருப்பு எங்கே என்று கேட்டுப்பாருங்கள். மனைவியைக் கூப்பிடுவார்.

தங்கவயலின் பாலகாட் பகுதியிலிருக்கிற பாரி இந்த இனத்தில் அசல் சரக்கு. தங்கச் சுரங்கம் மூடிப்போன அந்த ஊரில் பாதிப் பேரைப்போல அவரும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ஊர் அடங்குகிற நேரத்தில் திரும்புகிறவர். கிளம்பும்போது மகள் தென்றல் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். நாலு வயதுப் பிள்ளை ஏன் எந்நேரமும் தூங்குகிறது என்று அவருக்கு உள்ளூர ஒரு கவலைகூட உண்டு, பாவம். அந்தக் கவலையை ரயிலிலேயே தீர்த்துக்கொள்வார். பங்காரப்பேட்டை தாண்டியதும் போனை எடுத்தாரென்றால், பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் டிப்ஸ் மழைதான். வெளியே போனால் மாற்றுத்துணி இரண்டு செட் எடுங்கள், தொப்பியை மறக்காதீர்கள், விளையாடுகிற இடத்தில் வரிசையில் நிற்கப் பழக்குங்கள். குழுவிலிருக்கிற அம்மாக்கள் கும்பிடு போடுவார்கள், பூ அனுப்புவார்கள். அவர் மனைவி நிவேதா மட்டும் ஒன்றும் அனுப்பமாட்டாள். அவளுக்கு ஏது நேரம்? பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரி ஆசையாக மகளுக்குத் தலைவாரப் போனார். தென்றல் சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ வேணாம். அம்மா வேணும்."

பாரிக்குச் சுருக்கென்றது. ஊருக்கே அப்பாவாக இருக்கிறோம், சொந்த வீட்டில் இப்படியா? அப்போதே முடிவு கட்டினார். அடுத்த ஞாயிறு அம்மா கிடையாது, அவரும் மகளும் மட்டும்தான். 'அப்பா வேணும்' என்று ஒரே ஒரு தடவை அவள் வாயால் சொல்லிவிட்டால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும்.

இனிமேல்தான் கூத்து. மாரிகுப்பத்தில் ரயிலேறுகிற ஜனங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது. அவர் டீ குடித்துவிட்டு ஆற அமர வரலாம், ஒருவரும் தொடமாட்டார்கள். வாரம் முழுக்க இந்தச் சட்டத்தில் வாழ்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறிவிடுவாரா? கருக்கலிலேயே ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார். பூங்காவிலிருந்த ஒற்றை ஊஞ்சலில் நீலக்கட்டம் போட்ட கர்சீப்பை விரித்தார். காற்றில் பறக்காமல் முடிச்சும் போட்டார். வீட்டுக்கு வந்து நிம்மதியாக இட்லி சாப்பிட்டார்.

தொப்பி, மாற்றுத்துணி, மூன்று வகை பிஸ்கட், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு தென்றல் என்று அத்தனையையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், ஊஞ்சலில் ஒரு பிள்ளை வானத்துக்கும் பூமிக்குமாக ஆடிக்கொண்டிருக்கிறது. பின்னால் கேட் வரைக்கும் வரிசை. கர்சீப்பை அவிழ்த்து யாரோ ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டுக் கம்பியில் காயப்போட்டிருக்கிறார்கள். பாரிக்கு வந்ததே கோபம். ரயில் பெட்டியில் பேசுகிற அதே தோரணையில் கேட்டார்.

"கர்சீப் போட்டு வெச்சிருக்கேன், இன்னா ஆளாளுக்கு ஏறிக்கினு இருக்கீங்க?"

ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்த ஆனி திரும்பிப் பார்த்தாள். அவளும் அதே வாட்ஸாப் குழுதான். "அட, டிப்ஸ் பாரிண்ணா. வரிசையில நிக்கப் பழக்குங்கன்னு நேத்துதானே போட்டீங்க? நான்கூட அதுக்கு ரெண்டு பூ அனுப்பினேனே."

வரிசையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. காலடியில் ஏதாவது பழைய சுரங்கம் வாயைத் திறந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது பாரிக்கு. அப்படியே போய் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கர்சீப் எதற்கு என்று தென்றல் நச்சரித்தாள். அதைப் போட்டால் அது நம்ம இடம், வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சுரத்தில்லாமல் சொல்லிவைத்தார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். நேரே போய்க் கம்பியிலிருந்த கர்சீப்பை உருவிக்கொண்டு வந்தாள். 'கிருமி, கிருமி' என்று அவர் பதறுவதற்குள் அதை அவர் மடியில் விரித்து, சுருக்கமில்லாமல் தடவிவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இது என் எடம். ரயிலு வந்தாலும் நீ எழுந்து போவக் கூடாது."

பாரிக்குத் தலைகால் புரியவில்லை. தொடையைக் குலுக்கினார், விசில் அடித்தார், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் வரை ஒரு ஸ்டேஷன் விடாமல் கத்தினார். தென்றல் சிரித்த சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது. ஊஞ்சல் வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்து இந்த ரயிலில் இடம் கேட்டன. "கர்சீப் போட்டிருக்கேன், தெரியல?" என்று அத்தனை பேரையும் விரட்டினாள் மகள். ஊஞ்சல் காலியாகக் கிடந்தது. ஆனிக்கே மனசு கேட்காமல், இப்ப வந்து ஆடு கண்ணு என்று கூப்பிட்டாள்.

"ஊஞ்சல் வேணாம். அப்பா வேணும்."

கேட்டீர்களா? சொல்லிவிட்டாள்! பாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டு மனிதர் என்ன செய்தார்? ஒரு நிமிஷம் இரு கண்ணு என்று மகளை இறக்கிப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனை எடுத்தார். இந்த டிப்ஸை உடனே குழுவில் போடவேண்டாமா? 'செலவில்லாத ஞாயிறு: குழந்தைக்கு உங்கள் மடியைக் கொடுங்கள்' என்று தொடங்கி, வரிக்கு வரி மெருகேற்றி அனுப்பி, பூ வருகிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ரயில் நின்றுபோனதும் பிள்ளைகள் ஊஞ்சலுக்கே திரும்பியிருந்தன; அந்த வரிசையில் தென்றல் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதைப் படிக்கும்போதே, யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு பெயரும் உங்கள் மனசில் ஓடியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால், இதைப் படிப்பதற்காக உங்கள் மடியிலிருந்து யாரை இறக்கிவிட்டீர்கள் என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.