என் கை பட்ட மறுவீட்டுச் சொதி

குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் கையை எத்தனை தடவை கழுவினால் போதும்? உயிரியலில் முதுகலைப் பட்டம் வாங்கியிருக்கிறேன், பதினோராம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு பெண்ணைப் பெற்றிருக்கிறேன். இன்றுவரை விடை தெரியவில்லை. (ஒரு தடவை ஒழுங்காகக் கழுவினால் போதும் என்றார் டாக்டர். அவர் யோசித்துத்தான் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம்.)

விடை தெரியாதபோது அதிகமாகக் கழுவுவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தேன். பால் கொடுக்கும் முன் கழுவினேன், கொடுத்த பின் கழுவினேன், கழுவிய கையால்தானே குழாயை மூடினோம் என்று மறுபடியும் கழுவினேன். எல்லாம் கிருமிநாசினி சோப்பு. புறங்கை சொரசொரத்து, விரல் மடிப்புகள் கோடு கோடாக வெடித்தன. சுத்தத்தின் அடையாளம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் சிவகாமிக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்ததும் மறுவீடு என்று மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டுக்கு அழைத்துச் சொதி விருந்து போடுவார்கள். தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்ந்த குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அந்தச் சொதியை வைத்துத்தான் பெண் வீட்டாரை ஆயுளுக்கும் பேசுவார்கள். சிவகாமியின் மாமியாரோ ஸ்ரீவைகுண்டத்துக்காரர். கல்யாணப் பந்தியில் அவியலை ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மூடியவர்.

"மதினி, சொதியாவது நல்லா அமையணும். இல்லைன்னா நான் அங்க தலைநிமிந்து நடக்க முடியாது" என்று சிவகாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். (ஆறுதல் சொன்னேன். பிறகு கையைக் கழுவினேன்.)

விருந்தன்று காலை, டவுனில் எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் சானிடைசர் பாட்டிலோடு நின்றேன். வருகிறவர்கள் எல்லாரும் கையை நீட்ட வேண்டும்.

"ஏட்டி கோமதி, வழியை விடு. அடுப்புல பால் நிக்கு" என்றார் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுகிறவர்.

"தோல் எப்படி நம்மளைக் காப்பாத்துதுன்னு தெரிஞ்சா இப்படிச் சொல்ல மாட்டிய அத்தை" என்று பாடத்தை ஆரம்பித்தேன். "நம்ம தெருவை நினைச்சுக்கோங்க. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், நடுவுல பூனை நுழைய இடமில்ல. தோல்ல செல்லெல்லாம் அப்படித்தான் நிக்கு. சில சந்திப்பு, கசிவே இல்லாம இறுக்கி அடைச்சிருக்கும். சிலது பித்தான் போட்ட மாதிரி பிடிச்சிருக்கும், இழுத்தாலும் பிரியாது. இன்னும் சிலதுல சின்னதா வழி இருக்கும். ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லுதுக்கு."

"நம்ம தெருவுல அந்த வழிதான் நிறைய இருக்கு."

"இந்தப் பிடி விட்டுச்சுன்னா கிருமி உள்ள வந்துரும் அத்தை."

"அவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்குத தோலை நீ எதுக்குட்டி இந்தத் தேய் தேய்க்கே?"

சொதிக்கான எலுமிச்சம்பழத்தை நானே பிழியப்போவதாக அறிவித்தேன். வீட்டிலேயே சுத்தமான கை என்னுடையதுதானே.

சொதியை இறக்கி, சூடு தணிந்தபின் கொஞ்சமாகச் சாறு விட வேண்டும். ஆனால் வருகிறவர்களுக்கு ஜூஸும் போட வேண்டியிருந்ததால் ஒரு கிண்ணம் நிறையப் பிழிந்தேன். வேறெங்கும் சுத்தமான இடம் இருப்பதாகத் தோன்றாததால், அடுப்பில் கொதித்த சொதி அண்டாவின் பக்கத்திலேயே நின்று பிழிந்தேன். பிழிகட்டையால் பிழிந்தவரை ஒன்றும் தெரியவில்லை. பழ மூடியில் இன்னும் சாறு மிச்சம் இருக்கிறதே என்று வெறும் கையால் ஒரு பிழி பிழிந்தேன்.

வெடிப்புகளுக்குள் சாறு இறங்கியது. நான் போட்ட கூச்சலில் கூடத்தில் சம்பந்திகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உதறிய கை கிண்ணத்தைத் தட்டியது. சாறு முழுவதும் அண்டாவுக்குள் போனது. பட்டுப்போல் இருந்த சொதி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தனி, கட்டி தனியாகத் திரிந்தது.

கை எரியும்போதே எனக்குப் பாடம் புரிந்துவிட்டது. (பரீட்சைக்கு நானே கேட்ட கேள்விதான்.) சோப்பு ஓயாமல் எண்ணெய்ப் பசையை உரித்தால் மேல்தோல் காய்ந்து வெடிக்கும், கோத்து நின்ற செல்கள் பிடியை விடும். என் மதிலை இடிக்க எந்தக் கிருமியும் மெனக்கெடவில்லை. காவலுக்கு நின்ற நானே இடித்துவிட்டிருந்தேன்.

இலை போட்டாயிற்று. வேறு சொதி வைக்க நேரமில்லை. அத்தை உப்பைச் சரிபார்த்துவிட்டு அதையே பரிமாறினார். சிவகாமியின் மாமியாரான சம்பந்தியம்மா கட்டியை விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"இது என்னது, பன்னீரா?"

அடுக்களை நிலைக்குப் பின்னால் நின்ற சிவகாமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல. எங்க வீட்டுல மறுவீட்டுச் சொதியைத் திரிச்சுத்தான் இறக்குவோம்" என்றார் அத்தை. "வீட்டு மருமக கையால பழம் பிழியணும். அது முறை."

"உள்ள யாரோ கத்துனாப்ல இருந்துச்சே?"

"அதுவும் முறைதான்."

சம்பந்தியம்மா ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். சிவகாமி முந்தானையை விட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் யார் கட்டில் காலில் இடித்துக்கொண்டு கத்தினாலும், "சொதி இறக்கியாச்சா?" என்று கேட்கிறார்கள்.

போன வாரம் சிவகாமி போன் செய்தாள். அவளுடைய நாத்தனாருக்குக் கல்யாணமாம். மறுவீட்டுக்கு அதே திரித்த சொதிதான் வேண்டும் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டாராம். "முறை தெரிஞ்சவ நீங்கதானாம் மதினி. வந்து பழம் பிழிஞ்சு குடுக்கணுமாம்."

திரிப்பது பெரிய காரியமில்லை. ஆனால் சோப்பைக் குறைத்து, தேங்காயெண்ணெய் தடவி, என் கை முழுக்க ஆறிவிட்டது. பிழிந்து பார்த்தேன், எரியவே இல்லை. சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்று கவனிக்கப்போகிறார். எரியாத கையை வைத்துக்கொண்டு, நம்பும்படியாக எப்படிக் கத்துவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.